சக்கரம் பக்கம் – கேள்வி பதில்: ஜெர்மன் காரா, மின்சாரத்திலேயே பிறந்த காரா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஜெர்மன் சொகுசுக் கார்களின் மின்சார மாடல்களா, டெஸ்லா போல மின்சாரத்திலேயே பிறந்த கார்களா என்ற ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்ததால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பல வருடம் சஸ்பென்ஷன், பிரேக் பக்கமே கிடந்து வேலை பார்த்தவன் நான். அதனால் பதில்களில் அந்த வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: 2012-ல் டெஸ்லா மாடல் எஸ் வந்தபோது ஜெர்மன் சொகுசுக் கார்களின் கதை முடிந்தது என்றார்கள். முடிந்ததா சார்?

ப: பாதிக் கதை முடிந்தது உண்மைதான். மெர்சிடிஸும் பிஎம்டபிள்யூவும் தலைமுறை தலைமுறையாக எதில் பேர் வாங்கினார்கள்? பெட்ரோல் எஞ்சினுக்குள் நடக்கும் வெடிப்புகளின் அதிர்வு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் மறைப்பதில். ஆறு சிலிண்டர், எட்டு, பன்னிரண்டு என்று கூட்டிக்கொண்டே போனது, கியர் மாறுவதே தெரியாத கியர்பாக்ஸ் செய்தது, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுக்குள் திரவம் ஊற்றியது எல்லாம் அதற்காகத்தான். மின் மோட்டாரில் வெடிப்பே கிடையாது. நேற்றுக் கம்பெனி ஆரம்பித்தவர் செய்த மோட்டாரும் வெண்ணெய் மாதிரி சுற்றும். அத்தனை வருட வித்தையும் ஒரே நாளில் விலை போகாத சரக்காகிவிட்டது.

மீதிப் பாதி இருக்கிறதே, அது அசையவில்லை. நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்காத சீட், பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஒரே ஆட்டத்தில் அடங்கும் உடம்பு, கதவு ரப்பர், காற்றுச் சத்தம், மிதித்த அளவுக்கு மட்டும் பிடிக்கும் பிரேக். இவற்றை மோட்டாரை மாற்றிப் பிடித்துவிட முடியாது. ஆரம்ப கால மாடல் எஸ் ஒன்றின் உள்ளே ஏறிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வண்டி பறக்கும். ஆனால் டேஷ்போர்டு பிளாஸ்டிக் சேரும் இடத்தில் இடைவெளி ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறு பக்கம் வேறு மாதிரி இருக்கும்.

ஜெர்மானியர்கள் தாமதமாகத்தான் விழித்தார்கள். ஆடி இ-ட்ரான் வந்தது 2018-ல், போர்ஷே டைகான் 2019-ல், மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் 2021-ல், பிஎம்டபிள்யூ ஐ7 2022-ல். நிஜமான போட்டியே அங்கிருந்துதான்.

கே: மாடல் எஸ் பிளெய்ட் 2 வினாடிக்குள் மணிக்கு 96 கிலோமீட்டரைத் தொடுகிறது. அதன் பக்கத்தில் வைத்தால் ஜெர்மன் கார்கள் மந்தமாகத் தெரிகின்றனவே?

ப: 1.99 வினாடி என்று டெஸ்லா சொன்னது சரி. அதில் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. டிராக் ரேஸ் எனப்படும் நேர்கோட்டுப் பந்தய வழக்கப்படி முதல் ஒரு அடி நகர்வதற்கான நேரத்தைக் கழித்துவிட்டுச் சொன்ன எண் அது. கழிக்காமல் பார்த்தாலும் அசுர வேகம்தான். மூன்று மோட்டார், 1,020 குதிரைத்திறன்.

வாங்கிய புதிதில் வருகிறவர் போகிறவரையெல்லாம் ஏற்றி, ஒருமுறை அழுத்திக் காட்டுவீர்கள். அவர்கள் அலறுவார்கள். அப்புறம் அந்தப் பெடலை அந்த ஆழத்துக்கு மிதிக்கும் சந்தர்ப்பமே வராது. மின்சாரம் வந்ததும் வேகம் மலிந்துவிட்டது, அதற்குப் போய் சொகுசுக் கார் விலை கொடுக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது, அதே வேகத்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறதா என்பது. பேட்டரியும் மோட்டாரும் சூடானால் கார் தானாகச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். டைகானைப் போர்ஷே வடிவமைத்ததே இதை மனதில் வைத்துத்தான். பின் அச்சுக்கு இரண்டு கியர் கொடுத்தார்கள், ஒன்று கிளம்புவதற்கு, மற்றது அதிவேகத்தில் ஓடுவதற்கு. டெஸ்லாவும் தன் முதல் ரோட்ஸ்டரில் இரண்டு கியர் வைக்கப் பார்த்தது. முறுக்கு விசையை அந்தக் கியர்பாக்ஸ் தாங்காததால் கைவிட்டு ஒற்றைக் கியருக்கு மாறியது. டைகானில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் அந்த ஒரு நொடியில் முதுகில் லேசாக ஒரு தட்டு தட்டும். சிலருக்கு அது பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் நடந்ததையும் கேளுங்கள். 2022-ல் டைகான் டர்போ எஸ் 7 நிமிடம் 33 வினாடி. 2023-ல் பிளெய்ட் 7 நிமிடம் 25 வினாடி. சும்மா இருப்பார்களா, டைகான் டர்போ ஜிடி 7 நிமிடம் 7 வினாடியில் சுற்றி வந்தது. 2025-ல் சீனாவின் ஷாவ்மி எஸ்யூ7 அல்ட்ரா 7 நிமிடம் 5 வினாடிக்குச் சற்றே குறைவாக முடித்துவிட்டது. ஆமாம், செல்போன் செய்யும் அதே ஷாவ்மிதான்.

கே: 400 வோல்ட், 800 வோல்ட் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். எனக்கு விளங்கியது போலத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ப: பள்ளிக்கூட இயற்பியல்தான். சக்தி என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் கிடைப்பது. 270 கிலோவாட்டில் சார்ஜ் ஏற்ற, 400 வோல்ட் என்றால் 675 ஆம்பியர் ஓட வேண்டும். 800 வோல்ட்டில் அதில் பாதி போதும். கம்பியில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே ஆம்பியர் பாதியானால் சூடு கால்வாசியாகும். கம்பி மெலியும், சார்ஜிங் வேகத்தை அதிக நேரம் பிடித்து வைக்கலாம்.

இந்த 800 வோல்ட்டைச் சாலைக்குக் கொண்டுவந்த முதல் விற்பனைக் கார் டைகான். இந்த விஷயத்தில் டெஸ்லாவுக்குப் பாடம் எடுத்தது ஜெர்மானியர்தான். ஆனால் ஜெர்மனிக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஈக்யூஎஸ்ஸும் ஐ7-உம் 400 வோல்ட் வகையிலேயே வந்தன. அதிகபட்சம் முறையே 200, 195 கிலோவாட். அமெரிக்காவின் லூசிட் ஏர் 900 வோல்ட்டைத் தாண்டிப் போனது. மெர்சிடிஸ் 2025-ல் கொண்டுவந்த மின்சார சிஎல்ஏவிலும், பிஎம்டபிள்யூ அதே வருடம் காட்டிய புது ஐஎக்ஸ்3-யிலும்தான் அந்த இரண்டு கம்பெனிகளும் 800-க்கு வந்தன.

வாங்கும்போது 'அதிகபட்சம் எத்தனை கிலோவாட்' என்று கேட்காதீர்கள். அந்த உச்சம் சில நிமிடம்தான் நிற்கும். 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். 2024-ல் திருத்தி வந்த டைகானுக்கு, 320 கிலோவாட் கொடுக்கிற நிலையம் கிடைத்தால், 18 நிமிடம் என்கிறார்கள். கிடைத்தால் என்பதில்தான் சூட்சுமம். நீங்கள் போகும் வழியில் இருப்பது 50 கிலோவாட் பெட்டி என்றால் 400-உம் ஒன்றுதான், 800-உம் ஒன்றுதான்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். பழைய 400 வோல்ட் நிலையங்களில் 800 வோல்ட் கார் எப்படி ஏற்றிக்கொள்ளும்? முதல் டைகானில் அதற்கான மாற்றி 50 கிலோவாட் வரைதான் சாதாரணமாக வரும், 150 வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும். அந்த மின்சார சிஎல்ஏவோ, அறிமுகமானபோது 400 வோல்ட் வேக நிலையங்களில் சார்ஜே ஏறாத நிலையில் வந்தது. இதெல்லாம் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்காது.

கே: என் அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. பெரும்பாலும் பின் சீட்டில்தான் வருவார். ஈக்யூஎஸ், ஐ7, மாடல் எஸ், டைகான் எல்லாம் யோசித்தோம். எதில் அவருக்கு வசதி?

ப: இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதான்.

மின்சாரக் காரில் பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருக்கிறது. அதன் உயரம் அளவுக்குக் கால் வைக்கும் தளம் மேலே வந்துவிடும். சீட்டையும் அதே அளவு தூக்கினால் கூரை இடிக்கும். கூரையைத் தூக்கினால் காற்றைக் கிழிக்கும் வடிவம் கெட்டு ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் போகும் தூரம், குறையும். பல கம்பெனிகள் என்ன செய்கின்றன? தளத்தை மேலே விட்டுவிட்டு சீட்டைத் தாழவே வைத்துவிடுகின்றன. உட்கார்ந்து பாருங்கள், முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கும், தொடை சீட்டில் படாது, மொத்த எடையும் உட்காரும் எலும்பில் இறங்கும். அரை மணி நேரத்தில் நெளிய ஆரம்பிப்பார். முழங்கால் வலிக்காரருக்கு அங்கிருந்து எழுந்து வெளியே வருவது அதைவிடப் பாடு.

மாடல் எஸ்ஸில் இந்தக் குறை உண்டு. போர்ஷே இதைக் கவனித்து, டைகானின் பேட்டரியிலேயே பின் சீட்டுக்காரர் பாதம் வரும் இடத்தில் குழி விட்டார்கள். 'கால் கராஜ்' என்றே அதற்குப் பேர். புத்திசாலித்தனமான வேலை. பாதம் கீழே இறங்குவதால் முழங்கால் ஒழுங்காக மடங்கும். ஆனால் அது தாழ்ந்த கார். அம்மா உள்ளே இறங்க வேண்டும், வெளியே ஏற வேண்டும். வேண்டாம்.

ஈக்யூஎஸ்ஸின் கூரை முன்னிருந்து பின்வரை ஒரே வில்லாக வளைந்து இறங்குகிறது. காற்றுத் தடை எண் 0.20 கிடைத்தது அந்த வில்லால்தான். அதற்கான விலையைக் கொடுப்பது பின் சீட்டுக்காரரின் தலை. பெட்ரோல் எஸ் கிளாஸின் பின் சீட்டில் உட்கார்ந்து பழகியவர் இதில் ஏறினால், 'இது அது இல்லையே' என்று சொல்லிவிடுவார். மெர்சிடிஸ் பேர் வாங்கிய இடமே பின் சீட்டு. அங்கேயே கோட்டை விட்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஐ7-ஐப் பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன். முன்முகம் அலமாரி மாதிரி இருக்கிறது. ஆனால் பெட்ரோல் 7 சீரிஸின் அதே உடம்பில்தான் அதைச் செய்தார்கள். மின்சாரக் காருக்கென்று தனி அடித்தளம் போடாமல் சோம்பேறித்தனம் பண்ணுகிறார்கள் என்று அப்போது பலரும் கேலி செய்தார்கள். பேட்டரியை 11 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடக்கி, காரையே 1.54 மீட்டர் உயரமாக விட்டதில், பின் சீட்டு நாற்காலி போல நிமிர்ந்து உட்காரும்படி அமைந்துவிட்டது. கதவு அகலமாகத் திறக்கும். காசு கூடக் கொடுத்தால் பொத்தானை அழுத்தியதும் தானே திறந்து தானே மூடும் கதவும் கிடைக்கும். கூரையிலிருந்து இறங்கும் 31 அங்குலத் திரை உங்கள் அம்மாவுக்குத் தேவைப்படாது, அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

என் ஓட்டு ஐ7-க்கு. ஆனால் என் பேச்சைக் கேட்டு வாங்காதீர்கள். அம்மாவை அழைத்துப் போய், அவர் வழக்கமாகப் போடும் செருப்போடு பின் சீட்டில் உட்கார வையுங்கள். முன் சீட்டை உங்கள் உயரத்துக்கு நகர்த்திவிட்டு, அவர் பாதம் அதன் அடியில் நுழைகிறதா என்று பாருங்கள். மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாவது முறை அவர் எதைப் பிடித்து எழுகிறார் என்று கவனியுங்கள். முன் சீட்டின் தலையணையைப் பிடித்தால் அந்தக் கார் ஒத்துவராது.

கே: நண்பரின் டெஸ்லாவில் போனால் எனக்குக் குமட்டுகிறது. இன்னொருவரின் போர்ஷேயில் அப்படி இல்லை. இரண்டுமே மின்சாரம்தானே?

ப: உங்கள் நண்பரின் வலது காலைக் கவனித்துப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும்.

மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். இதை எந்தப் பெடலில் வைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. டெஸ்லா ஆக்ஸிலரேட்டரிலேயே வைத்தது. காலை எடுத்தால் கார் உடனே பிடிக்கும், முழுக்கவே நின்றுவிடும். ஒரே பெடலில் ஓட்டலாம், நெரிசலில் சுகம். ஆனால் ஓட்டுபவர் காலைப் படக்கென்று எடுக்கும் ஆளாக இருந்தால், பக்கத்தில் இருப்பவர் தலை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும்.

போர்ஷே நேர் எதிர். டைகானில் காலை எடுத்தால் கார் பாட்டுக்கு உருண்டு போகும். மிச்சமுள்ள வேகத்தை எதற்கு மின்சாரமாக்கி, மறுபடி வேகமாக்கி, இரண்டு தடவை நஷ்டப்பட வேண்டும் என்பது அவர்கள் வாதம். பிரேக்கை மிதித்தால்தான் மோட்டார் பிடிக்கும். அன்றாடப் பிரேக்கில் 90 சதவீதம் வரை மோட்டாரே பார்த்துக்கொள்கிறது, உராயும் பிரேக் பேடுக்கு வேலை வருவதே அபூர்வம். மோட்டாரிலிருந்து பேடுக்குக் கை மாறும் இடம் காலுக்குத் தெரியக் கூடாது. இந்த வேலையில் கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது லேசுப்பட்ட காரியம் இல்லை. போர்ஷே அதை அழகாகச் செய்திருக்கிறது. மெர்சிடிஸ் ஸ்டியரிங் பின்னால் இருக்கும் துடுப்புகளால் அளவை மாற்றிக்கொள்ள விட்டது, நல்ல ஏற்பாடு. ஆனால் ஈக்யூஎஸ்ஸில் கார் தானே பிடிக்கும்போது பிரேக் பெடலும் தானாகக் கீழே இறங்கும். காலைக் கொண்டுபோனால் பெடல் நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் இருக்காது. எனக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை.

பேடுக்கு வேலை இல்லாததால் டிஸ்க்கில் துரு ஏறும். முக்கியமாகப் பின் சக்கரங்களில். எந்த மின்சாரக் காரானாலும் அவ்வப்போது, பின்னால் யாரும் இல்லாத இடத்தில், அழுத்தமாக ஒரு பிரேக் போட்டுத் துருவைத் தேய்த்துவிடுங்கள்.

கே: மின்சாரக் காருக்கு ஜெர்மானியர்கள் புதியவர்கள் என்பது சரிதானே?

ப: 1900-ம் வருடப் பாரிஸ் கண்காட்சியில் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த மின்சார வண்டி ஒன்று நின்றது. லோனர் கம்பெனிக்காக அதை வடிவமைத்த இளைஞர் பேர் ஃபெர்டினாண்ட் போர்ஷே.

கே: ரேஞ்ச் விஷயத்தில் யார் சொல்வது உண்மை? ஒரே காருக்கு இரண்டு மூன்று எண் சொல்கிறார்கள்.

ப: ஐரோப்பியச் சோதனையான டபிள்யூஎல்டிபியின் சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டர் சொச்சம்தான். நெடுஞ்சாலையில் 120-ல் போகிறவருக்கு அந்த எண் கைகொடுக்காது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 120-க்குப் போனால் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. அமெரிக்கச் சோதனை கொஞ்சம் கண்டிப்பானது. அதிலும் கோளாறு உண்டு. முதல் டைகான் டர்போவுக்கு அவர்கள் கொடுத்தது 323 கிலோமீட்டர். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதைவிட நன்றாகவே கிடைத்தது.

ரேஞ்சைவிட, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். அமெரிக்கக் கணக்குப்படி லூசிட் ஏர் பியூர், 84 யூனிட் பேட்டரியில் 676 கிலோமீட்டர் போகிறது, யூனிட்டுக்கு 8. ஈக்யூஎஸ் 450+ கிட்டத்தட்ட 108 யூனிட்டை வைத்துக்கொண்டு 563, யூனிட்டுக்கு 5.2. இரண்டுக்கும் பின் சக்கரத்தை ஓட்டும் ஒரே மோட்டார்தான், காற்றுத் தடை எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மெர்சிடிஸ் பெரிய பேட்டரியைப் போட்டு ஈடுகட்டியது, லூசிட் பேட்டரியைச் சிறிதாக்கி எடையைக் குறைத்தது. இன்வெர்ட்டர், டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்த்து 74 கிலோவில் ஒரு மோட்டார் தொகுதி செய்தவர்கள் அவர்கள். அந்தக் கம்பெனியை அப்படி வளர்த்த பீட்டர் ராலின்சன், முன்பு மாடல் எஸ்ஸின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். சிக்கனம் என்கிற இந்த ஒரு பாடத்தில் ஜெர்மானியர்கள் கடைசி பெஞ்சில்தான் இருந்தார்கள். 2025-ன் சிஎல்ஏவையும் ஐஎக்ஸ்3-யையும் பார்த்தால் முன்னால் நகர்ந்து வந்துவிட்டது தெரிகிறது.

கே: ஈக்யூஎஸ்ஸின் பானட்டைத் திறக்க முடியாது என்கிறார்களே, வதந்தியா?

ப: வதந்தி இல்லை. சர்வீஸ்காரர்தான் திறப்பார். வைப்பர் தண்ணீர் ஊற்ற இடது பக்கத் தகட்டில் ஒரு குட்டி மூடி வைத்திருக்கிறார்கள். டெஸ்லாவிலும் லூசிட்டிலும் அதே இடத்தில் இன்னொரு டிக்கி கிடைக்கும்.

கே: எல்லாமே திரைக்குள் போய்விட்டது. இது முன்னேற்றமா?

ப: கையுறைப் பெட்டியைத் திறக்கக்கூடத் திரையைத் தொட வைத்த பெருமை டெஸ்லாவைச் சேரும். ஜெர்மானியர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன், காப்பியடித்தார்கள். மெர்சிடிஸ் 141 சென்டிமீட்டர் அகலத்துக்கு டேஷ்போர்டையே கண்ணாடியாக்கியது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் யூரோ என்கேப் 2026-லிருந்து இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்ற சிலவற்றுக்கு நிஜமான பொத்தானோ தண்டோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று கண்டிப்புக் காட்டுகிறது. ரொம்ப நல்லது.

ஆனால் திரைக்குப் பின்னால் ஓடும் மென்பொருளில் டெஸ்லாவை அடித்துக்கொள்ள ஆள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2018-ல் மாடல் 3-ன் பிரேக் தூரம் அதிகம் என்று அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று சோதித்துச் சொன்னது. சில நாட்களிலேயே காற்றுவழியே ஒரு திருத்தம் அனுப்பினார்கள். அதே காரை மறுபடி சோதித்தபோது நிற்கும் தூரம் சுமார் 6 மீட்டர் குறைந்திருந்தது. ஒருவர்கூட ஸ்பேனரைத் தொடவில்லை. எங்கள் பிரேக் ஆட்களுக்கு அன்று தூக்கம் போயிருக்கும். மறுபக்கம் வோக்ஸ்வாகன் குழுமத்தில் மென்பொருள் இழுத்த இழுப்பில் அதைச் சேர்ந்த போர்ஷேயின் மின்சார மக்கான் காரே தள்ளிப்போனது. கடைசியில் 2024-ல் அமெரிக்க மின்சார வண்டிக் கம்பெனி ரிவியனோடு பல நூறு கோடி டாலருக்குக் கூட்டு வைத்துக்கொண்டார்கள்.

கே: தானாக ஓட்டுவதில் யார் முன்னால்?

ப: பேர் வைப்பதில் டெஸ்லா, பொறுப்பு ஏற்பதில் மெர்சிடிஸ். ஆட்டோபைலட் என்று பேர் இருந்தாலும் கண்ணும் கவனமும் உங்களுடையவை, இடித்தால் நீங்கள்தான். மெர்சிடிஸின் டிரைவ் பைலட் 2021 டிசம்பரில் ஜெர்மனியில் அனுமதி பெற்றது. நெடுஞ்சாலை நெரிசலில், 60 கிலோமீட்டர் வேகத்துக்குள், சாலையிலிருந்து கண்ணை எடுக்கலாம் என்றார்கள். எல்லை சின்னது. அந்த எல்லைக்குள் கார்தான் ஓட்டுநர் என்று எழுதிக் கொடுத்தார்களே, அது பெரிய விஷயம்.

கே: சீனக் கார்களை நீங்கள் கண்டுகொள்வதே இல்லையே?

ப: கண்டுகொள்ளாமல் எங்கே போவது? நியோ இடி9 என்ற காரின் பானட் மேல் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, வேகத்தடைகள் மேல் ஓட்டிக் காட்டினார்கள். ஒன்றும் விழவில்லை. விளம்பரம்தான். ஆனால் சஸ்பென்ஷனில் கைவைத்தவனுக்கு, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகத் தூக்கி இறக்கும் அந்த அமைப்பு எவ்வளவு வேகமாக யோசிக்க வேண்டும் என்பது தெரியும். அசையாத மீதிப் பாதி என்று முதல் பதிலில் சொன்னேனே, ஜெர்மானியர்களின் அந்தக் கடைசிக் கோட்டையின் வாசலில்தான் சீனர்கள் நிற்கிறார்கள். சார்ஜ் ஏற்றப் பொறுமை இல்லையா, பேட்டரியையே சில நிமிடத்தில் மாற்றிக் கொடுக்கும் நிலையங்களையும் நியோ கட்டி வைத்திருக்கிறது.

கே: புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. நாலைந்து வருடம் ஓடிய ஈக்யூஎஸ்ஸோ டைகானோ பாதி விலைக்கும் கீழே வருகிறது. துணியலாமா?

ப: துணியலாம், கண்ணைத் திறந்துகொண்டு. சொகுசு மின்சாரக் கார்களின் விலை செங்குத்தாக இறங்கக் காரணம் பேட்டரி செத்துவிடும் என்கிற பயமும், அடுத்த வருடம் இன்னும் நல்லது வந்துவிடும் என்கிற நினைப்பும். முதல் பயம் பெரும்பாலும் மிகை. பேட்டரி வாரண்டி போர்ஷேயில் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், ஈக்யூஎஸ்ஸில் 10 வருடம் அல்லது 2,50,000. கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அவர்கள் பொறுப்பு. கார் கைமாறினாலும் இது கூடவே வருகிறதா, சர்வீஸ் தவறவிட்டதால் முறிந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையை விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் இரவு முழுக்க நிறுத்திய காரைக் காலையில் போய்ப் பாருங்கள். காற்றுப் பையால் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனில் கசிவு இருந்தால் ஒரு மூலை மட்டும் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். விற்பவர் நீங்கள் வருமுன் காரை உயிர்ப்பித்து வைத்திருந்தால் இது தெரியாது, ஆகவே சொல்லாமல் சீக்கிரம் போங்கள். டயரின் உட்புற விளிம்பைக் கையால் தடவுங்கள். இரண்டரை டன் காரில் தேய்வது அங்கிருந்துதான் ஆரம்பிக்கும், நின்று பார்த்தால் கண்ணுக்குப் படாது. வேக நிலையத்துக்குக் கூட்டிப்போய் உங்கள் கண் முன்னால் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். கடைசியாக, 12 வோல்ட் குட்டி பேட்டரி எப்போது மாற்றியது என்று விசாரியுங்கள். நூறு யூனிட் பெரிய பேட்டரி நிறைய இருந்தும், இந்தக் குட்டி செத்ததால் கதவே திறக்காமல் நின்ற கார்கள் ஏராளம்.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். காசு ஒரு பொருட்டே இல்லை என்றால் எதை வாங்குவீர்கள்?

ப: நானே ஓட்டுவதென்றால் 2024-க்குப் பிந்தைய டைகான். பின் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு போவதென்றால் ஐ7. ஒரே மூச்சில் நெடுந்தூரம் போகிற பிழைப்பு என்றால், பக்கத்தில் சர்வீஸ் இருக்கும் பட்சத்தில், லூசிட். எதுவானாலும் 21 அங்குலச் சக்கரத்தை மட்டும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். படத்தில் ஜோராக இருக்கும். டயரின் பக்கச் சுவர் மெலிந்து பள்ளம் ஒவ்வொன்றும் முதுகில் எண்ணப்படும், ரேஞ்சும் குறையும். அந்த மாடலுக்குக் கிடைப்பதிலேயே சின்னச் சக்கரம் எதுவோ அதைக் கேட்டு வாங்குங்கள்.